சொத்தைக் கடலையும் செக்கும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். உன் மகன் செக்கு போடப் போகிறான் என்பதும், அதற்கு நம் வட்டாரத்து மானாவாரி நிலக்கடலையையே வாங்கப் போகிறான் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி அளித்தன. பொறுக்கி ஒதுக்கிய சொத்தைப் பருப்பையும் ஆட்டி, அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது என்பதே என் பதில்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் ஈரல் கெட்டு மடிந்தன. காரணம் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம், பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக இறக்குமதியான கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருந்தது. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அது இன்று ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் 1974இல், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் நூறு பேருக்கு மேல் காமாலை கண்டு இறந்தனர். அதே உணவைத் தின்ற நாய்களும் தப்பவில்லை.

இந்தப் பூஞ்சணம் மண்ணிலேயே வாழ்வது. பயிரின் கடைசி மூன்று நான்கு வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறும்போது, காய்க்குள் இருக்கும் பருப்பு ஈரம் இழந்து, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களைச் சுரக்க முடியாமல் போகிறது. புழு துளைத்த காயிலும் களைக்கொத்து பட்ட காயிலும் பூஞ்சணம் நுழைவது இன்னும் எளிது. ஆடிப்பட்டத்துக் கடலை வறட்சியில் முற்றி, ஐப்பசி மழையில் பிடுங்கப்பட்டு, ஈரத்தோடு அம்பாரமாகக் குவிக்கப்படும் ஆண்டில் இரண்டு கேடும் சேர்ந்துகொள்கின்றன. வெளியே பழுதில்லாத பருப்புகளை இரண்டாகப் பிளந்து பார்; சிலவற்றில் இரு பாதிக்கும் நடுவிலுள்ள குழிவில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருக்கும். கையால் பொறுக்குபவர் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை.

பொறுக்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. நஞ்சின் பெரும்பகுதி சுருங்கிய, நிறம் மாறிய சில பருப்புகளிலேயே குவிந்திருப்பதால், அவற்றை நீக்கினாலே பெரும் பயன் உண்டு. ஒதுக்கியதை மலிவு விலைக்கு இன்னொருவர் வாங்கி ஆட்டும்போதுதான் அந்தப் பயன் பாழாகிறது. எண்ணெயில் நஞ்சின் ஒரு சிறு பங்குதான் இறங்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் (அல்கலி) சேர்ப்பதால் அதுவும் பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கெண்ணெய்க்கு அந்த வழி இல்லை. (செக்கெண்ணெயின் தூய்மை பற்றி மேடை போட்டுப் பேசுவோர் இதைத் தொடுவதே இல்லை.) மிச்சமெல்லாம் புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் ஓரிரு நாளிலேயே அந்த நஞ்சின் மாற்றுருவம் வந்துவிடும். பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு (மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று நீயே எண்ணிப் பார்.

ஆகவே கொள்முதலிலேயே உன் மகன் கண்டிப்பாக இருக்கட்டும். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்கும். உடைப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று காயில் தண்ணீர் தெளிப்பவரிடம் போகவே வேண்டாம். நஞ்சு இருக்கிறதா என்று ஆய்வுக்கு அனுப்பும்போது ஒரே மூட்டையில் கைப்பிடி அள்ளாமல், பல மூட்டைகளின் மேலும் நடுவும் அடியும் எடுத்துக் கலந்து அனுப்பச் சொல். நஞ்சு ஆயிரத்தில் ஒரு பருப்பில் பதுங்கியிருக்கக்கூடும். ஒதுக்கிய சொத்தையை விற்காமல் ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்துவிடலாம். அதனால் வரும் நட்டத்தைப் பருப்பின் விலையிலேயே முன்கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

தை பிறந்ததும் அவனை இங்கே அனுப்பி வை. அறுவடை முடிந்து காயவைக்கும் களங்களை நேரில் காட்டுகிறேன்.

அன்புடன்,
இராமலிங்கம்