ஆடி மாதத்தில் நிரப்பிய படிவம்

மதிப்பிற்குரிய தோல் மருத்துவர்களுக்கும் மனநல ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். 18 ஆண்டுகளாக என் கைகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் இருக்கின்றன. சென்ற ஆடியில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வினாத்தாள்களை நீட்டி, டாக்டர் கூப்பிடுவதற்குள் நிரப்பித் தரச் சொன்னார்கள். நிரப்பினேன். கூட்டிப் பார்த்த பயிற்சி மருத்துவர், "உங்களுக்குப் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை அம்மா" என்றார். நல்ல பிள்ளை. என் கோபம் அவரிடம் இல்லை, அந்தத் தாள்களிடம்தான்.

முதல் தாள், தோல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது. கார்டிஃபில் உருவாகி 1994-இல் வெளிவந்தது. 10 கேள்விகள், 30 மதிப்பெண். முதல் கேள்வியே அரிப்பும் வலியும் பற்றியது. என் புள்ளிகள் அரிப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே பூஜ்யம். மற்றவையும் 'கடந்த ஒரு வாரத்தில்' என்றே கேட்கின்றன. ஆடியில் கல்யாணம் ஏது, பந்தி ஏது? அலுவலகம் விட்டால் வீடு. அதே தாளை ஆவணியில் கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை வேறாக இருந்திருக்கும்.

பந்தி என்றேன் அல்லவா? இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. என் இடப்பக்கம் உட்கார வந்த அம்மாள் என் கையைப் பார்க்கிறார். யாரையோ தேடுகிறவர்போல் கழுத்தை நீட்டி, "அங்கே இடம் இருக்கிறது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு நகர்கிறார். பந்தி நிரம்புகிறது, அந்த ஓர் இலையைத் தவிர. பரிமாறுகிற பையன் பழக்கதோஷத்தில் அதிலும் உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போகிறான். பாயசம் வரும்வரை அந்த உப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

இரண்டாவது தாள், லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987-இல் வெளியிட்ட சமூகப் பதற்ற அளவுகோல், அதாவது பிறர் முன்னிலையில் வரும் பயத்தை அளப்பது. 24 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். பொது இடத்தில் சாப்பிடுவது அதில் உண்டு. விருந்து கொடுப்பது உண்டு. கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுகூட உண்டு. ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தூணோரம் நிற்பது அதில் இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிற நாளில் அக்காவைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்வது இல்லை. மொழியை மட்டும் பெயர்த்தால் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் என் வழக்கு அதுவல்ல. பந்தியில் உட்கார எனக்கு எவ்வளவு பயம் என்று கேட்கிறீர்கள். பக்கத்து இலை எத்தனை முறை காலியாகக் கிடந்தது என்று ஏன் கேட்பதில்லை?

எது மனநோய், எது இல்லை என்று வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டை மகளின் உதவியோடு படித்துப் பார்த்தேன். 1994 பதிப்பின்படி, உடல்நோய் ஒன்று இருந்தால் பயம் அதோடு சம்பந்தமில்லாததாக இருந்தால்தான் சமூகப் பதற்ற நோய். 2013 பதிப்பில் 'அல்லது மிகையாக இருந்தால்' என்பதையும் சேர்த்தார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிகை என்றால் எதைவிட மிகை? நடந்தது என்ன என்று தெரியாமல் அதை எப்படிச் சொல்வீர்கள்?

எனக்குப் பதற்றமே இல்லை என்று சாதிக்கவும் மாட்டேன். அழைப்பு மணி அடித்தால் உதட்டுக்குச் சாயம் பூசிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். வந்து நிற்பவர் காஸ் சிலிண்டர் போடுகிறவர். 10 ஆண்டுகளாக வருகிறார். என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. இது மிகைதான், இதற்கு எனக்குச் சிகிச்சை வேண்டும். பந்தியில் நகர்ந்து போன அம்மாளுக்காக நான் சிகிச்சை எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் தாளில் இரண்டும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுகின்றன.

தொழுநோய் ஆய்வில் ஊராரிடமே கேட்கும் வினாத்தாள் இருக்கிறது. நோய் கண்டவரிடம் உணவுப் பண்டம் வாங்க மக்கள் தயங்குவார்களா என்று அதில் கேட்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெண்புள்ளிக்கென்றே 22 கேள்விகளில் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். ஆகவே முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. பயத்துக்கும் தவிர்ப்புக்கும் பக்கத்தில் 'நடந்தது' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். 'கடந்த வாரம்' என்பதோடு 'கடைசியாகப் போன விசேஷத்தில்' என்றும் கேளுங்கள். தாளின் தலைப்பையும் மாற்றுங்கள். 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை விட்டு 'வெண்புள்ளிகள்' என்று எழுதும்படி தமிழ்நாடு அரசு சொல்லி ஆண்டுகள் பலவாகிவிட்டன, எனக்குத் தந்த தாளில் பழைய சொல்லே இருந்தது.

அடுத்த முறை என்னைத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்திருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வெளிநோயாளி ஒருத்தி