பெருந்தொற்றுக் காலத்தில் இளம் தொழிலாளர்களுக்கு ஆணுறையும் கருத்தடை மாத்திரையும் தடையின்றிக் கிடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மருந்துக்கடை உரிமையாளர்,
திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இளைஞர்களின் பாலியல் நலனைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் மருந்துக்கடை நடத்திவருகிறேன். கடையைச் சுற்றிப் பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் விடுதிகளும்தான்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கடை திறந்திருந்தது. வாசலில் கயிறு கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிற்க வைத்தோம். அதற்கு முன்பெல்லாம் ஆணுறை வாங்க வரும் இருபது வயதுப் பையன்கள், கூட்டம் கலையும்வரை கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நிற்பார்கள். பிறகு குனிந்து ஒரு சொல். நானும் பழைய தினசரித் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவேன். கயிறு வந்தபின் முகக்கவசத்துக்குள்ளிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று. ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். நம் ஊர்ப் பையன்கள் ஒரு தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்குத் தலைவலி என்று நான் கேட்கவில்லை.

அந்நாட்களில் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு ஒருவர் தொலைபேசியில் பேசினார். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய மாத்திரை அது. விடுதிக் கதவு பூட்டியிருந்தது. திறந்திருந்தாலும் பயனில்லை, ‘எதற்கு வம்பு’ என்று நானே அதை வாங்கி வைத்ததில்லை. இதை மறைத்துவிட்டு இம்மனுவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2020 மார்ச்சிலேயே, யாருடன் நெருங்கலாம், எப்போது கை கழுவ வேண்டும் என்பதுவரை கூச்சமில்லாமல் எழுதி வெளியிட்டது. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் மே மாதத்தில், தனியாக வாழ்பவர்கள் ஒரே ஒருவருடன் பேசி ஒப்புக்கொண்டு, அவருடன் மட்டும் உறவு வைத்துக்கொள்ளலாம் என்றது. அதை இங்கே அப்படியே ஒட்டச் சொல்லவில்லை. ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் ஊரில் தனியாக வாழ்பவரை எங்கே தேடுவது? ஆனாலும் நம் ஊர் இளைஞர்களிடம் இது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன்படி மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். இவ்வாண்டுத் திருத்தத்தில், பெயரும் திருமணமும் கேட்காத இலவச ஆணுறைப் பெட்டிகளை விடுதிக் கழிப்பறைகளிலும் கம்பெனி வாசல்களிலும் வைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மூன்று மாத இருப்பும் தேவை. உலகின் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரெக்ஸ் ஆலைகளே அந்த மார்ச்சில் மூடிக் கிடந்தன. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்கள் ஊரடங்கிலும் இயங்க வேண்டும். நகர்ப்புறச் செவிலியர்கள் மாத்திரையுடன் விடுதிக்குள் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க உள்ள 1097 உதவி எண்ணைத் தமிழுடன் இந்தி, ஒடியா, வங்க மொழிகளிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

முதல் பெட்டியை மாட்ட என் கடையின் பக்கச் சுவரைத் தருகிறேன். அந்தச் சந்தில் தெருவிளக்கு எரிவதில்லை. அது குறித்து மட்டும் தற்போதைக்கு மனு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருந்துக்கடை உரிமையாளர்