காற்றின் மேல் போட்ட பழி

கொழிஞ்சாம்பாறை
ஆடி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் பதினேழு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. சித்தூர் என்று மட்டும் எழுதி, மாநிலத்தை விட்டுவிட்டாய். நகரியில் உட்கார்ந்துகொண்டு சித்தூர் என்று எழுதினால் அது உங்கள் ஆந்திரச் சித்தூருக்குத்தானே போகும்? பாலக்காட்டுப் பக்கமும் ஒரு சித்தூர் இருப்பது எவரோ ஒரு புண்ணியவானுக்கு நினைவு வந்திருக்கிறது. உறையில் இரண்டு சித்தூர் முத்திரையும் இருப்பதைப் பார்த்துப் பேரன் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

முழங்கால் வலிக்கிறது, சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என எழுதியிருந்தாய். கொடுத்துவிடாதே. போன வாரம் எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

இங்கே ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்பது உனக்கு மறந்திருக்காது. மலைத்தொடரில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். மேற்கேயிருந்து வருகிற காற்றெல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. வேலந்தாவளத்திலிருந்து வீடு திரும்பும்போது முகத்தில் அறையும். ஆனி பிறந்ததிலிருந்தே என்னால் மிதிக்க முடியவில்லை. முதலில் காற்றைத் திட்டினேன், பிறகு வயதைத் திட்டினேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் வேலந்தாவளம் நோக்கிப் போகிறேன், காற்று முதுகில். வேட்டி எனக்கு முன்னால் பறக்கிறது, சைக்கிள் மட்டும் வர மாட்டேன் என்கிறது. அப்போதுதான் உறைத்தது.

இறங்கி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். ஒன்றரைச் சுற்று, அதோடு நின்றுவிட்டது. நல்ல சக்கரம் அப்படி நிற்காது. வால்வின் கனம் இருக்கிறதே, அந்தச் சிறிய கனமே சக்கரத்தைக் கீழே இழுத்து, இப்படியும் அப்படியும் தொட்டில் போல ஆட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். என் சக்கரத்தில் வால்வு உச்சியில் நின்றது. அசையவே இல்லை.

சித்திரையில் ஒரு கடையில் ஓவராயில் செய்யக் கொடுத்திருந்தேன். ஓவர்ஹால் என்ற சொல்லை நம் கடைக்காரர்கள் ஓவராயில் ஆக்கியதிலேயே பாதிக் கேடு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தக் கடைக்காரர் ஹப்பை, அதாவது அச்சைச் சுற்றிக் குண்டுகள் உருளும் சக்கர நடுப்பகுதியை, பிரிக்கவே இல்லை. வெளியிலிருந்து கொஞ்சம் கிரீஸை அப்பி, சக்கரம் ஆடாமல் இருக்க, குண்டுகளை அச்சுப் பக்கத்திலிருந்து தாங்கும் கோனை முறுக்கி இறுக்கிக் கொடுத்திருக்கிறார். காசு மட்டும் முழுதாக வாங்கினார்.

மாலையில் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பிரித்தேன். உள்ளே மழைத்தண்ணீரும் செம்மண் தூசியும் கிரீஸும் சேர்ந்து வல்லாரைத் துவையல் பதத்தில் ஒரு சாந்து. வலப்பக்கம் பத்துக் குண்டு, இடப்பக்கம் ஒன்பதுதான். அந்த ஒன்பதிலும் மூன்று பளபளப்புப் போய் ஈயக் குண்டு மாதிரி இருந்தன. கோனில் குண்டு ஓடும் தடமெங்கும் அம்மைத் தழும்பு. குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பு தப்பித்தது. பெரும்பாலும் கோன்தான் முதலில் சாகும், மாற்றுவதும் அதைத்தான்.

பால்ரஸ் குண்டின் கணக்கு உனக்கு நினைவிருக்கிறதா? முன் ஹப்புக்கு 3/16 அங்குலக் குண்டு, பக்கத்துக்குப் பத்து. பின் ஹப்புக்குக் கால் அங்குலம், பக்கத்துக்கு ஒன்பது. வாடகை சைக்கிள் கடையில் கோலி விளையாடக் குண்டு திருடும்போது பெரியது வேண்டும் என்று பின் சக்கர டப்பாவில்தானே கை வைப்பாய்!

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவைத்து, கப்பில் புதுக் கிரீஸைத் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதித்தேன். இருபதும் புதியவை. தேய்ந்ததையும் புதியதையும் கலந்தால் பாரமெல்லாம் புதியதன் தலையில் விழும். பத்தாவது வைத்த பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் இன்னொன்றைத் திணிக்கக் கூடாது, குண்டு உருள இடம் வேண்டும். பக்கத்து வீட்டுச் சேட்டன் எட்டிப் பார்த்து, "நல்ல வெளிச்செண்ணெய் தரட்டுமா?" என்றார். அவர் வண்டிக்குத் தேங்காய் எண்ணெய்தான். அது இருக்கிற கிரீஸையும் கரைத்து வழியவிட்டுவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். அப்பா வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசை போடுவார். அவருக்குத் தெரிந்திருந்தது.

கோனைச் சரியாக வைப்பதில்தான் நேரம் போனது. கையால் முட்டும்வரை திருகி, கால் திருப்பு பின்னால் வாங்க வேண்டும். ஆனால் வெளி நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிடுகிறது. ஆகவே முதலில் மயிரிழை ஆட்டம் விட்டே இறுக்க வேண்டும். நான்கு முறை கழற்றி மாட்டினேன். ஐந்தாவது முறை வால்வு தானாகக் கீழே இறங்கித் தொட்டில் ஆடியது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதற்கா அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொன்னீர்கள்?" என்றாள்.

மறுநாள் அதே எதிர்காற்றில் வந்தேன். கடினம்தான், ஆனாலும் வந்துவிட்டேன், இறங்கித் தள்ளவில்லை. சைக்கிளுக்கு இந்தக் குண்டுகளை, அதாவது பால் பேரிங், வைப்பதற்கு ஜூல் சூரிரே என்ற பாரிஸ்காரர் 1869-ல் காப்புரிமை வாங்கினாராம்; பேரன் படித்துச் சொன்னான். அதற்கு முன்னால் மிதித்தவர்களின் முழங்கால் என்ன பாடுபட்டிருக்கும்!

உன் வண்டியையும் இப்படித் தூக்கிப் பார். தறிச் சத்தத்தில் ஹப்பின் கரகரப்பு உனக்குக் கேட்காது; சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபோர்க்கில் விரலை வை, மணல் அரைபடுவது தெரியும். பின் சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான பிரீவீலை மட்டும் பிரிக்காதே. அதற்குள் கடுகு மாதிரிக் குண்டுகள், அள்ளி மாளாது. அதற்குக் கிரீஸும் வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னத் தாழ்ப்பாள்கள் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். அப்படியே சீட்டையும் பார். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், நீ எப்போதுமே தாழ்வாக வைத்து முழங்காலை மடக்கி மிதிப்பவன்.

இதெல்லாம் செய்த பிறகும் வலித்தால் மருத்துவரிடம் போ.

இங்கே வேறு செய்தி அதிகம் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தென்னையில் வண்டு. மகன் கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறான்.

இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், இருபதும் பதினெட்டுமாகக் குண்டுகள். இரண்டு அளவிலும் மூன்று மூன்று கூடுதல். கை தவறி விழுந்தது கட்டிலுக்கு அடியில் உருண்டால் விட்டுவிடு, குனிந்து தேட வேண்டாம். பதில் எழுதும்போது கேரளம் என்று எழுத மறக்காதே.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை