மைக்கைப் பிடிக்குமுன் ஒரு வார்த்தை

ரங்கூனில் எங்கள் பேட்டை அம்மன் கோயில் நிர்வாக சபைப் பெரியவர்களுக்கும் இளைஞர் அணித் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஆடி வெள்ளி விழாவில் என் மகள் பிழைத்து வந்த கதையைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அம்மன் காப்பாற்றியதைச் சொன்னால் சனங்களுக்கு நம்பிக்கை கூடும் என்றீர்கள். வருகிறேன். நேர்ந்துகொண்ட பால்குடமும் எடுக்கிறேன். அதே மைக்கில் டெங்குவைப் பற்றியும் பேச விட வேண்டும். நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்பதைவிட எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நாலு வயசுப் பிள்ளை. உடம்பு அனலாகக் கொதித்தபோது வீடே பதறியது. காய்ச்சல் இறங்கிய காலையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கண்டம் தாண்டியாச்சு, ரசஞ்சோறு குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்; குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டு பர்மிய அக்கா நர்சாக வேலை பார்த்தவர். வந்தவர் நெற்றியைத் தொடவில்லை, பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் மறுபடி சிவக்க நேரமெடுத்தது. "காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனாளா?" என்று கேட்டார். இல்லை. அடுத்த வார்த்தை, "டாக்சியைப் பிடி."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டியாகும், ரத்த ஓட்டம் தளர்ந்து பிள்ளை ஷாக்கில் விழும். இதற்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. அளந்து ஏற்றுகிற சலைன்தான் வைத்தியம். குறைந்தால் ஷாக் தீராது, கூடினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் விரலில் குத்திக் குத்தி ரத்தம் பார்த்து, சொட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ராத்திரி முழுக்க நின்றார்கள். அந்த ஒன்றிரண்டு நாளைத் தாண்டிவிட்டால் பிள்ளைகள் மளமளவென்று தேறிவிடுகிறார்கள். என் மகள் பிஸ்கட் கேட்டாள். அப்புறம் கால் முழுக்கச் செக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டு விழுந்து, ஒரே அரிப்பு. என் மாமியார் அம்மை என்று நினைத்து வேப்பிலை தேடினார். "தேறுகிற அடையாளம் இது" என்று டாக்டர் சிரித்தார்.

ரங்கூனுக்கு இந்த நோய் புதிதல்ல. 1970லேயே இங்கே பெரிதாகப் பரவியிருக்கிறது. அப்படியிருந்தும் கோயிலில் ஒரு வருஷமாவது யாராவது தமிழில் இதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மழையும் ஆடியும் டெங்குவும் சேர்ந்தே வருகின்றன. கூழ் ஊற்றும் நாளில் இத்தனை தாய்மார் ஓரிடத்தில் கூடுவது வேறெங்கே? காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், சோர்ந்து தூங்கி வழிவது, ஒண்ணுக்குப் போகாதது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடவே கூடாது. இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகாது. பப்பாளி இலைச் சாற்றை நம்பி நேரத்தைப் போக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இது உங்களுக்கே. மடப்பள்ளிக்குப் பின்னால் உடைத்த தேங்காய் ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. போன வாரம் ஒரு சிரட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் கூத்தாடிப் புழு நெளிகிறது. கூழ் ஊற்றிய பிளாஸ்டிக் கப்புகளும், விளக்கு வைத்து எறிந்த அகல்களும் அங்கேதான். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடாது, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். கரண்ட் போய்ப் போய் வருவதால் வீடுகளில் டிரம்மிலும் ஜாடியிலும் தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவி, இறுக மூடி வைக்க வேண்டும்.

தம்பிமாரே, தேர் இழுக்க உங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு அலைவது என்னவென்று உங்களில் தகப்பன்மாருக்குத் தெரியும். வண்டி வைத்திருப்பவர்கள் பேரையும் போன் நம்பரையும் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். மழைக்காலம் முடியும்வரை இருந்தால் போதும். என் வீட்டுக்காரர் பேரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிரட்டைகளை முதல் ஆடி வெள்ளிக்கு முன்னால் அள்ளுவதானால் நாளைச் சொல்லி அனுப்புங்கள். கோணிப்பையோடு நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டைத் தாய் ஒருத்தி