லைட் மீட்டரைத் தவறாகப் பழுதுபார்த்தது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், பழுதுநீக்கப் பிரிவு

பொருள்: மினோல்டா எஸ்ஆர்டி 101 கேமராவின் லைட் மீட்டரைக் கட்டணமின்றி மீண்டும் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடமிருந்து திரும்பி வந்த கேமராவின் மீட்டர் நல்ல வெயிலில் மட்டுமே சரியாகக் காட்டுகிறது. ஒளி அளக்கப் பயன்படும் சாம்பல் அட்டையைச் சீரான வெளிச்சத்தில் வைத்து, ஐஎஸ்ஓ 100-இல், நம்பகமான கைமீட்டரோடு ஒப்பிட்டேன். இவி 15 என்ற வெளிச்ச அளவில் (லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/125 வினாடி) இரண்டும் ஒன்றுதான். இவி 12-இல் உங்கள் மீட்டர் வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இருமடங்கு வெளிச்சம்) கூட்டிக் காட்டுகிறது; இவி 9-இல் (எஃப் 4, 1/30) அரை ஸ்டாப்புக்கும் மேல். அதை நம்பி அறைக்குள் எடுத்தால் படம் இருண்டுவிடும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

காரணம் உங்கள் வேலைச் சீட்டிலேயே இருக்கிறது: 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரி போட்டு, தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்திருக்கிறீர்கள். 1966-இல் வெளிவந்த இந்த மாடல் 1.35 வோல்ட் பிஎக்ஸ் 625 பாதரச பேட்டரிக்கென்று அமைந்தது. வெயிலில் ஒளியை உணரும் சிடிஎஸ் செல்களின் மின்தடை குறைவு என்பதால் அங்கே உங்கள் ரெசிஸ்டர் கூடுதல் வோல்டேஜை ஈடுகட்டிவிடுகிறது. வெளிச்சம் மங்கினால் செல்களின் மின்தடை பல மடங்கு ஏறும். அதன் முன் ரெசிஸ்டர் எம்மாத்திரம்? முள் தேவைக்கு மேல் நகர்கிறது. ஒரே வெளிச்சத்தில் மட்டும் சோதித்ததால் இது உங்கள் கண்ணில் படவில்லை.

இதைவிடப் பெரிய குறை, அல்கலைன் வோல்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போவது. பாதரச பேட்டரி ஏறக்குறைய தீரும்வரை ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே இன்று செய்த அளவுத்திருத்தம் பேட்டரி பாதி தீர்ந்ததும் பொய்யாகிவிடும்.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரிக்கு மாற்றுங்கள். அதன் 1.55 வோல்ட் கடைசிவரை பெரிதாக அசையாது. தொடரில், குறைந்த வோல்டேஜையே விழுங்கும் ஒரு ஷாட்கி டையோடு வைத்து 0.2 வோல்ட் குறைத்தால் போதும். மீட்டரில் ஓடுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில். அந்த மின்னோட்டத்திலேயே டையோடின் இறக்கத்தை அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் டையோடு கூடுதலாக விழுங்கும். எஸ்ஆர்44 விட்டத்தில் சிறியது, அறையில் பொருந்த வளையமும் தேவை.

அடித்தகட்டைத் திறந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பேட்டரி அறையின் தொடுமுனையில் பச்சைக் களிம்பு அப்படியே இருக்க, அதன் மேலேயே புது வயரைப் பற்றவைத்திருக்கிறார்கள். கேமராவைத் தட்டினால் முள் துடிக்கிறது. களிம்பை வினிகரால் கரைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் பளிச்சிட்ட பிறகே ஈயம் வைக்க வேண்டும். தொடுமுனைக்கும் வயரின் மறுமுனைக்கும் இடையே ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை.

இவ்விரண்டையும் கட்டணமின்றிச் செய்து, மேற்சொன்ன மூன்று வெளிச்ச அளவுகளிலும் எடுத்த அளவீடுகளை எழுதித் தாருங்கள். மூன்றிலும் பிழை மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் இருக்க வேண்டும். இயலாதென்றால் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய வயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்