புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களையும் கணக்கெடுங்கள்

பொதுத்துறை வங்கிகளின் நிர்வாக இயக்குநர்களுக்கும் மனிதவளத் துறைப் பொது மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். வங்கிகளில் மகளிர் தினக் கூட்டம் என்றால் அருந்ததி பட்டாச்சார்யாவின் பெயர் வராமல் இருக்காது. ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவர், இப்போது பத்மஸ்ரீ என்று சொல்லிக் கைதட்டுவோம். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

கொல்கத்தாவில் பிறந்து, பிலாய், பொகாரோ என்று எஃகு ஆலை நகரங்களில் வளர்ந்தவர் அவர். படித்தது ஆங்கில இலக்கியம். 1977இல் பி.ஓ.வாக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாக, ஸ்டேட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். 2013 அக்டோபரில் அதே வங்கியின் தலைவரானார். இடையில் 36 வருடங்கள். அந்நியச் செலாவணி, வங்கியின் பணத்தை முதலீடு செய்யும் டிரெஷரி, சில்லறை வங்கிச் சேவை, மனிதவளம், நியூயார்க் அலுவலகம், அப்புறம் ஸ்டேட் வங்கியின் துணை நிறுவனமான எஸ்.பி.ஐ. கேப்பிடல் மார்க்கெட்ஸின் தலைமைப் பொறுப்பு. எத்தனை துறைகள், எத்தனை ஊர்கள்! தலைமைப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது நீங்கள் தேடும் பரந்த அனுபவம் இந்த மாற்றல்களில்தான் சேர்கிறது. மகளின் படிப்பை நினைத்து ஒரு கட்டத்தில் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் விடவில்லை. விட்டுவிட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

என்னுடன் வேலை பார்த்த பெண்களில் கெட்டிக்காரர்கள் பலர் ஸ்கேல் என்னும் அதிகாரிப் படிநிலையில் இரண்டிலோ மூன்றிலோ நின்றுபோனார்கள். கடன் மனுவைப் புரட்டிய உடனே எங்கே ஓட்டை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பையன் பத்தாம் வகுப்பு, மாமியார் படுத்த படுக்கை, கணவருக்கு வேறு ஊரில் வேலை. புரமோஷன் வந்தால் வேறு மாநிலம் போக வேண்டும் என்று தெரிந்ததும் தேர்வுக்கே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார்கள். நானும் ஒரு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ‘சொந்த விருப்பம்’ என்று கோப்பில் ஏறியது. எதற்காக என்று கேட்க எங்கள் நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அருந்ததி தலைவரானதும் இந்த இடத்தில்தான் கை வைத்தார். பிள்ளைகளையோ வீட்டுப் பெரியவர்களையோ கவனிக்க வேண்டிய பெண்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தார். பெண் ஊழியர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போட ஏற்பாடு செய்தார். 2017 ஏப்ரலில் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் வங்கியோடு இணைந்ததைத்தான் அவருடைய பெரிய சாதனையாக எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் அந்த இரண்டு வருட விடுப்புதான் பெரியது. அவர் செய்த எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். அதே ஏப்ரலில் திரும்பி வந்த குறைந்தபட்ச இருப்பு அபராதம் ஏழைகளை வாட்டியது. 2020இல் வங்கியே அதைக் கைவிட்டது. நல்லதுதான்.

பெண்கள் மேலே வந்தால் என்ன செய்வார்கள் என்று இனி யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. 2000இல் இந்தியன் வங்கி பெரும் நஷ்டத்தில் தத்தளித்தபோது சென்னைக்கு வந்து பொறுப்பேற்று அதை லாபத்துக்குத் திருப்பியவர் ரஞ்சனா குமார். அவரும் பி.ஓ.வாகத் தொடங்கியவர்தான்.

பெண் ஊழியர்களைக் குடும்பம் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ பணியமர்த்தப் பாருங்கள் என்று மத்திய அரசின் நிதிச் சேவைகள் துறை 2014இல் சொன்னது, 2024 நவம்பரில் மறுபடியும் சொன்னது. பத்து வருடம் கழித்து அதையே திரும்பச் சொல்ல வேண்டி வந்ததென்றால், முதல் தடவை சொன்னது முழுதாக நடக்கவில்லை என்றுதானே பொருள்? தவிர, பக்கத்திலேயே வைத்திருப்பது பாதித் தீர்வுதான். கிளை மேலாளர் அனுபவமும் கிராமப்புறப் பணியும் இல்லை என்று பிற்பாடு இன்டர்வியூவில் அதையே குறையாகச் சொன்னால், அந்தச் சலுகையே அவளுடைய கதவை அடைத்துவிடும்.

அதனால் கேட்கிறேன். கிராமப்புறப் பணியையும் கிளைப் பொறுப்பையும் எந்த வயதில் முடிப்பது என்பதை அந்த அதிகாரியே தேர்ந்தெடுக்கட்டும். பிள்ளை பிறக்கும் முன்பே போய்வர நினைப்பவளும் உண்டு, பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு எங்கே வேண்டுமானாலும் போகத் தயாராக இருப்பவளும் உண்டு. ஐம்பது வயதில் தயாராகி வருகிறவளிடம் சர்வீஸ் போதாது என்று சொல்லாதீர்கள். நீண்ட விடுப்பை ஆண்களுக்கும் கொடுங்கள், வீட்டுப் பொறுப்பில் அவர்களுக்கும் பங்கு வரட்டும். மாற்றல் உத்தரவைப் பள்ளி திறப்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள், நடு வருடத்தில் வேண்டாம்.

ஆண்டறிக்கையில் பெண் ஊழியர்கள் எத்தனை பேர் என்று போடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: இந்த ஆண்டு புரமோஷனுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பெண்கள், வந்த புரமோஷனை வேண்டாம் என்றவர்கள், ஒவ்வொரு ஸ்கேலிலும் எத்தனை பேர், என்ன காரணம். வரும் மார்ச்சில் கணக்கு முடிக்கும்போதே இதைத் தொடங்கலாம். விவரமெல்லாம் உங்கள் மனிதவளத் துறையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி