படம் எடுத்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 1943 வங்கப் பஞ்சம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதில் போட்டிருந்த மூன்று படங்களுக்கும் கீழே ‘கோப்புப் படம்’ என்று மட்டும் இருந்தது. மூன்றுமே சுனில் ஜானா எடுத்தவை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1918-ல் அசாமில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர் அவர். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவரை, அப்போது கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளராக இருந்த பி.சி. ஜோஷி, படிப்பு கிடக்கட்டும் வா என்று பஞ்சம் பிடித்த ஊர்களுக்குக் கூட்டிப்போனார். ஓவியர் சித்தபிரசாத்தும் கூடப் போனார். ஒருவர் வரைந்தார், ஒருவர் படம் எடுத்தார். சித்தபிரசாத் வரைந்ததில் அவர் கையெழுத்து இருக்கும், எத்தனை தடவை அச்சடித்தாலும் அதுவும் கூடவே வந்துவிடும். போட்டோவுக்கு அந்த வசதி கிடையாது, அச்சடிக்கிறவர்கள் போட்டால்தான் பெயர்.

அப்புறம் காந்தி, நேரு, ஜின்னா, சாந்தா ராவ் மாதிரி நடனக் கலைஞர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பழங்குடி மக்கள் என்று நாடு முழுக்கச் சுற்றி எடுத்திருக்கிறார். உழைக்கிற மனிதர்களை எடுக்கும்போது பல படங்களில் கேமராவைத் தாழ வைத்து, பின்னால் வெறும் வானம் மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பார். முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால் அதில் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்துவிட்டால் மூக்குத் துவாரம்தான் முன்னால் நிற்கும், வெளிச்சத்தைச் சரியாகக் கணிக்காவிட்டால் வானத்துக்கு எதிரே முகம் கறுத்துப்போகும். அவர் படங்களில் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும், அந்த ஆள் யாருக்கும் தாழ்ந்தவர் இல்லை என்பதும் தெரியும்.

இப்படிப்பட்டவரை அரசாங்கமே மறந்திருக்கிறது. பல வருஷம் முன்னால் பத்மஸ்ரீ வாங்கிய மனிதருக்கு 2012-ல் திரும்பவும் பத்மஸ்ரீ என்று அறிவித்தார்கள், பிறகு தவறு தெரிந்து பத்மபூஷண் என்று மாற்றினார்கள். அதே வருஷம் ஜூனில் அமெரிக்காவில், பெர்க்லியில் இறந்துபோனார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் ஊர் நாதஸ்வர வித்வான் ஒருவரை 1986-ல் எங்கள் கடையில் உட்காரவைத்து எடுத்தேன். சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்த நேரத்தில் எடுத்தது, அவர் வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது. அவர் காலமானபோது ஒரு பத்திரிகை அந்தப் படத்தை வாங்கிப்போய் அரைப்பக்கத்துக்குப் போட்டது. பெயர் இல்லை. பிரிண்டின் பின்பக்கம் எங்கள் ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. அந்த ஊதா மை அடுத்த பிரிண்டில் ஒட்டிவிடக் கூடாதென்று ஊதி ஊதிக் காயவைத்துத்தான் கொடுப்போம். திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். காசுக்காக நான் வருத்தப்படவில்லை, அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று என் பேத்தியிடம் காட்ட அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்று யாராவது சொல்லலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை, சரி. பெயரைப் போடக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. பக்கத்தில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது, எண்ணிப் பார்த்துவிட்டேன்: ‘கோப்புப் படம்’ ஏழு எழுத்து, ‘படம்: சுனில் ஜானா’ எட்டு எழுத்து.

வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு ஓரத்தில் அந்த எட்டு எழுத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
கும்பகோணம்.